கரப்பான் காலின் சத்தம் கேட்கப் போனோம்

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று என் கணவர் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். நான் பதுளையில் உயர்தர வகுப்புக்கு விலங்கியல் படிப்பிக்கிறேன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவர் அதே ஊர் பஜாரில் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்தார். தேநீரை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, "நரம்புல ஓடுறதும் கரண்டுதானாங்க?" என்று கேட்டார்.

சமைக்கத் தெரியுமா என்று கேட்பார்கள் என நினைத்து அதற்குப் பதில் தயாராக வைத்திருந்தேன். கொஞ்சம் தடுமாறிவிட்டு, கரண்ட் மாதிரிதான், ஆனால் வயரில் ஓடுவது போல ஓடாது, உப்பு நீரில் இருக்கும் மின்னேற்றங்கள் நரம்பின் சுவர் வழியாக உள்ளே போய் வெளியே வரும், அந்த அசைவுதான் அடுத்த இடத்துக்கு அடுத்த இடத்துக்கு என்று தொற்றிக்கொண்டு போகும் என்றேன். அவர் யோசித்தார். பிறகு, பார்த்தால்தான் நம்ப முடியும் என்றார். அம்மா கதவுக்குப் பின்னால் நின்று பயந்துபோனாள். பெண்ணைப் பார்க்க வந்தவர் நரம்பைப் பார்க்க வேண்டும் என்று சொன்ன கதை எங்கள் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் வெகுநாள் ஓடியது.

கல்யாணத்துக்குப் பிறகு அவர் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார். ஊரே அப்படிக் கூப்பிட்டதால் அதில் மரியாதை இருப்பதாக மற்றவர்கள் நினைத்தார்கள். அதில் எத்தனை பங்கு கேலி என்று எனக்குத்தான் தெரியும். ரசத்தில் உப்புக் கூடினால், "டீச்சர், இன்னைக்கி நரம்பெல்லாம் நல்லா வேலை செய்யும்" என்பார்.

எண்பதுகளின் நடுவில் ஒரு சிறிய கம்ப்யூட்டர் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. துபாயில் வேலை செய்த அவருடைய அத்தான் பிள்ளைகளுக்காகக் கொண்டுவந்தது. பிள்ளைகள் இரண்டு வாரம் அதில் விளையாடி எதையோ உடைத்துவிட்டார்கள். திருத்தித் தரச் சொல்லி வந்த பொருள், திருத்திய பிறகும் போகவில்லை. கையடக்கமான கறுப்புப் பெட்டி, ரப்பர் பொத்தான்கள். டீவியோடு பொருத்தினால் அதன் எழுத்துகள் திரையில் தெரியும். செய்த வேலையை ஞாபகம் வைத்துக்கொள்ள அதற்குத் தனியாக இடம் கிடையாது. பாட்டுக் கேசட்டில்தான் பதிய வேண்டும். பதிந்ததைத் திரும்பக் கேட்டால் கீச்சென்று காதைக் கிழிக்கும்.

ஒரு நாள் என் மாமியார் பூசை அறையில் முருகன் பாட்டுக் கேசட்டைப் போட்டார். இரண்டு பாட்டு ஒழுங்காக வந்தது. மூன்றாவது பாட்டின் பாதியில் அந்தக் கீச்சுச் சத்தம் வீடெங்கும் அலறியது. அவர் கற்பூரத் தட்டோடு வெளியே வந்து மகனைப் பார்த்தார். மகன் என்னைப் பார்த்தார். நான் பாத்திரம் கழுவப் போய்விட்டேன். "முருகனுக்கு இது புரியுமாடா?" என்று மட்டும்தான் மாமியார் கேட்டார். அதற்குப் பிறகு தன் கேசட்டுகளை அரிசிப் பானைக்குள் வைக்கத் தொடங்கினார்.

அந்தக் கீச்சுச் சத்தத்தில்தான் எல்லாம் ஆரம்பித்தது. கேசட்டிலிருந்து கம்ப்யூட்டருக்குள் சத்தம் போகும் ஓட்டை ஒன்று இருந்தது. அந்த ஓட்டைக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: இப்போது சத்தம் ஒரு அளவுக்கு மேலே இருக்கிறதா, இல்லையா. ஆம், இல்லை என்ற இரண்டைத் தவிர வேறெதுவும் தெரியாது. அவர் இதை எனக்கு விளக்கியபோது நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். நரம்பும் அப்படித்தான் என்று சாதாரணமாகச் சொன்னேன். தூண்டல் ஒரு அளவைத் தாண்டினால் முழுத் துடிப்பு, தாண்டாவிட்டால் ஒன்றுமில்லை, அரைத் துடிப்பு என்று ஒன்று நரம்பில் கிடையாது. அவர் எழுந்து நின்றுவிட்டார். ஒன்றை மற்றதற்குள் கொடுத்துப் பார்த்தால் என்ன என்றார். பெண் பார்த்த அன்று விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

நரம்புக்கு எங்கே போவது? தவளை வேண்டாம் என்றேன். கரப்பான்பூச்சியின் பின்னங்காலில் முள் முள்ளாக ரோமம் இருக்கும். ஒவ்வொரு முள்ளின் அடியிலும் ஒரு நரம்பு. முள்ளை வளைத்தால் அந்த நரம்பு துடிக்கும். காலைத் தனியே எடுத்தாலும் கொஞ்ச நேரம் அது தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும். கரப்பானுக்குப் பஞ்சமில்லை. எங்கள் கடைக்குப் பக்கத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்த முஸ்லிம் முதலாளி, தன் கிடங்கில் பிடித்ததையெல்லாம் பிஸ்கட் டின்னில் போட்டுத் தந்தார். முதலில் அவர் நாங்கள் மருந்து காய்ச்சுவதாக நினைத்தார். பிறகு எதற்கு என்று விளக்கிச் சொன்னதும், மருந்து காய்ச்சுவது பரவாயில்லையே என்பது போலப் பார்த்தார்.

என் பங்கு பூச்சியின் காலை எடுத்துக் கார்க்கில் இரண்டு குண்டூசியால் பொருத்துவது. அவர் பங்கு, ஊசிகளுக்கு நடுவே எழும் மிகச் சிறிய மின்சாரத்தைப் பல்லாயிரம் மடங்கு பெருக்கும் பெருக்கி ஒன்றைச் செய்வது. பழைய டேப் ரெக்கார்டர்களின் வயிற்றிலிருந்து அதற்கான சாமான்களை எடுத்தார். கடைசி வேலைதான் கடினம். துடிப்புகளை எண்ண வேண்டும். அந்தக் கம்ப்யூட்டருக்குச் சாதாரணமாகக் கட்டளை எழுதும் மொழி மெதுவானது. அது ஒரு தடவை திரும்பிப் பார்ப்பதற்குள் பல துடிப்புகள் வந்து போய்விடும். அதனால் எந்திரத்தின் அடியில் ஓடும் வெறும் எண்களிலேயே எழுத வேண்டும் என்றார். கடையை மூடிவிட்டு வந்ததும் குந்திக்கொண்டு எண் எண்ணாகத் தட்டுவார். ஒரு எண் பிழையானால் திரை வெள்ளையாகிவிடும், எல்லாம் போய்விடும். அடுப்படிக்கு வந்து ஒரு குவளைத் தண்ணீர் குடித்துவிட்டுப் போய் முதலிலிருந்து தொடங்குவார். கோபத்தில் கத்தும் மனிதராக இருந்தால் சமாதானப்படுத்தலாம். தண்ணீர் குடிக்கிறவரை என்ன செய்வது?

கடைசியில் அது எண்ணியது. முள்ளை வளைத்தேன். திரையில் ஐம்பது என்று வந்தது. அடுத்த விநாடியும் ஐம்பது. வேறு பூச்சியின் கால், அதுவும் ஐம்பது. அவர் முகம் பூரித்துப்போனது. இயற்கை எவ்வளவு கணக்காக இருக்கிறது பாரு டீச்சர் என்று என் தோளைத் தட்டினார். மாமியாரைக் கூப்பிட்டுக் காட்டினார். மாமியார் ஐம்பதைப் பார்த்து, நல்ல மார்க்குதான் என்றார்.

எனக்கு அந்தக் கணக்கு உறுத்தியது. உயிருள்ள எதுவும் அப்படி ஒழுங்காக நடந்து நான் பார்த்ததில்லை. என் மாணவர்கள் நாடித்துடிப்பு எண்ணினால்கூட இரண்டு தடவை ஒரே எண் வராது. மறுநாள் சமைக்கும்போது கறிவேப்பிலைக் காம்பு ஒன்றைக் கார்க்கில் குத்தி ஊசிகளைப் பொருத்தினேன். ஐம்பது.

அவரைக் கூப்பிட்டேன். கொஞ்ச நேரம் திரையையும் காம்பையும் மாறிமாறிப் பார்த்தார். "கறிவேப்பிலைக்கும் நரம்பு இருக்கா, டீச்சர்?"

"கறிவேப்பிலைக்கு இல்லைங்க. நம்ம வீட்டுக் கரண்டுக்குத்தான் இருக்கு."

ஊர் மின்சாரம் விநாடிக்கு ஐம்பது தடவை ஏறி இறங்குவது அவருக்குத் தெரியாததல்ல. அதை வைத்துத்தான் அவர் பிழைப்பே நடக்கிறது. சுவரில் ஓடும் வயர்களிலிருந்து அந்த இரைச்சல் எங்கள் ஊசிகளில் ஏறிவிட்டது. அதற்கு முன்னால் பூச்சியின் குரல் எடுபடவில்லை. இத்தனை பாடுபட்டு மின்சாரத்தின் ஆரோக்கியத்தைத்தான் அளந்திருக்கிறோம். அவர் அடுப்படிக்குப் போய்த் தண்ணீர் குடித்தார்.

பெருக்கியைப் பேட்டரியில் ஓட்டிப் பார்த்தார். பிஸ்கட் டின்னுக்குள் வைத்து மூடிப் பார்த்தார். இரைச்சல் குறைந்தது, போகவில்லை. பக்கத்தில் மிளகாய் அரைக்கும் மில் வேறு. பிறகு ஒரு பின்னேரம், பெருக்கியோடு ஸ்பீக்கரைப் பொருத்தி அந்த இரைச்சலின் உறுமலைக் கேட்டுக்கொண்டே, தூரிகை மயிர் ஒன்றால் முள்ளைத் தொட்டுக்கொண்டிருந்தபோது ஊரெங்கும் கரண்ட் போனது. மில் நின்றது. உறுமலும் நின்றது. பேட்டரியில் ஓடிய பெருக்கி மட்டும் உயிரோடு இருந்தது. அந்த அமைதியில், பொரி வெடிப்பது போல, பட் பட் பட் என்று ஒரு சத்தம் வந்தது. நான் தூரிகை மயிரை எடுத்ததும் நின்றது. மறுபடி தொட்டேன், மறுபடி வந்தது. இருவரும் இருட்டில் அதற்குக் காதைக் கொடுத்து உட்கார்ந்திருந்தோம். இத்தனை வருஷமாகக் கரும்பலகையில் படம் போட்டுக் காட்டிய ஒன்றை அன்றுதான் முதன்முதலில் காதால் கேட்டேன். கரண்ட் வந்ததும் உறுமல் திரும்பியது. தெருவில் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். நாங்கள் இருவர் மட்டும் அலுத்துக்கொண்டோம்.

கரண்டே இல்லாத இடத்துக்குப் போனால் என்ன என்று அவர் கேட்டார். அப்படி ஓர் இடம் எனக்கு நன்றாகத் தெரியும். நான் பிறந்த லயம்.

எல்ல என்ற ஊருக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டம் அது. என் அண்ணன் அங்கே தேயிலைத் தொழிற்சாலையில் இன்ஜின் பார்க்கிறவர். அண்ணி கொழுந்து பறிக்கப் போகிறவர். தொழிற்சாலைக்கும் துரை பங்களாவுக்கும் வெளிச்சம் இருந்தது. லயங்களுக்கு வயரே இழுத்திருக்கவில்லை. கரண்ட் வேண்டும் என்று தோட்டத்தில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறார்கள். அது இல்லாததற்காகவே தேடிக்கொண்டு வருகிறவர்கள் நாங்களாகத்தான் இருந்திருப்போம்.

ஒரு சனிக்கிழமை காலை பதுளை ஸ்டேஷனுக்குப் போனோம். கார் பேட்டரி ஒன்று, அதில் ஓடும் சின்னக் கறுப்பு வெள்ளை டீவி, கம்ப்யூட்டர், பெருக்கி, வயர் கட்டு, பூச்சி டின். வாசலில் பொலிஸ்காரர் ஒருவர் நிறுத்தினார். குண்டுப் பயம் இருந்த அந்த வருஷங்களில் தமிழ் பேசுகிறவர்கள் கையில் பேட்டரியும் வயரும் இருந்தால் பார்க்கிறவர்களின் முகம் மாறும். என் கணவரின் சிங்களம் கடைச் சிங்களம். விலை பேசத்தான் வரும். அவர் பூச்சி, கால், கரண்ட் என்று சொல்லச் சொல்ல நிலைமை மோசமானது. நல்லவேளையாக உள்ளே இருந்து வந்த இன்னொரு பொலிஸ்காரர் அவரை அடையாளம் கண்டுகொண்டார். வீட்டு ரேடியோவைத் திருத்தக் கொடுத்திருந்தாராம், எப்போது தருவீர்கள் என்று கேட்டார். திங்கட்கிழமை என்றார் இவர். விட்டுவிட்டார்கள். ரயில் தெமோதரையைத் தாண்டிய பிறகுதான், அந்த ரேடியோ கைக்கு வந்து மூன்று மாதமாகிறது, இன்னும் திறந்துகூடப் பார்க்கவில்லை என்று ஒப்புக்கொண்டார்.

எல்லயில் அண்ணன் காத்திருந்தார். தோட்டத்து லொறியில் ஏறிப் போய்ச் சேர்ந்தபோது லயத்து முற்றத்தில் கூட்டமாக இருந்தது. யாருக்காவது உடம்புக்கு முடியவில்லையோ என்று பயந்தேன். அப்படியில்லை. தங்கச்சி டீவி கொண்டு வருகிறாள் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். அன்று பின்னேரம் டீவியில் தமிழ்ப் படம் என்பதும் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. பிள்ளைகள் முன்வரிசையில் சாக்கு விரித்து உட்கார்ந்துவிட்டார்கள். ஏரியல் கட்டக் கொய்யா மரத்தில் கம்பம்கூடக் கட்டி வைத்திருந்தார்கள்.

என் கணவர் அண்ணனைத் தனியே கூப்பிட்டு, பேட்டரியில் இருப்பது அளவான கரண்ட், படம் பார்த்தால் ஆராய்ச்சிக்கு மிஞ்சாது என்று மெதுவாக விளக்கினார். அண்ணன் நெற்றியைச் சொறிந்தார். அண்ணிதான் பேசினார்.

"படத்தப் போடுங்கண்ணே. இத்தன பேரு வேலைய விட்டு வந்து உக்காந்திருக்காங்க. ஒங்க பூச்சி டின்னுக்குள்ளதான இருக்கு, எங்க ஓடிறப் போகுது?"

படம் போட்டோம். லயத்து முன்திண்ணையான இஸ்தோப்பில் பெட்டி மேல் டீவி, முற்றம் முழுக்க ஆட்கள். மலைக்கு நடுவில் படம் பனி கொட்டுவது போலத்தான் தெரிந்தது. யாராவது ஒருவர் ஏரியலைப் பிடித்துத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும், அந்தப் பொறுப்பு ரேடியோக்காரர் என்பதால் என் கணவருக்கு வந்தது. கதாநாயகி அழுத இடத்தில் நானும் அழுதேன். அவர் கொய்யா மரத்தடியிலிருந்து என்னைப் பார்த்துச் சிரித்ததும் தெரிந்தது. கடைசிக் கட்டத்துக்குச் சற்று முன்னால் திரை சுருங்கி ஒரு புள்ளியாகி அணைந்துவிட்டது. முடிவு என்ன என்று எல்லோரும் அவரையே கேட்டார்கள். அவர் பார்த்திராத படம். கூட்டத்தைக் கலைக்க வேண்டுமே என்று, எல்லோரும் ஒன்று சேர்ந்துவிட்டார்கள் என்று சொன்னார். பதுளைக் கொட்டகையில் முன்பே பார்த்த ஒருத்தி, கதாநாயகி செத்துப்போனாள் என்றாள். இந்த விஷயத்தில் லயம் இரண்டாகப் பிரிந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. முந்திய நாள் கொழுந்தை வாட்டுவதற்குத் தொழிற்சாலையில் காற்றாடி ஓட வேண்டும், அதனால் இன்ஜினும் ஓடும். அண்ணன் பேட்டரியைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் அங்கே சார்ஜுக்குப் போட்டார். பூச்சிகளைக் குளிரில் மயக்க ஊரில் என்றால் ஐஸ் வாங்கலாம். இங்கே நான் டின்னைக் கொண்டுபோய்ப் பீலியில் விழும் தண்ணீரில் வைத்தேன். மலைத் தண்ணீர், கை வைத்தால் விறைக்கும். தண்ணீர் பிடிக்க வந்த பெண்கள் டின்னில் என்ன என்று கேட்டார்கள். சொன்னேன். டீச்சர் வேலைக்குப் போனால் இப்படியெல்லாமா செய்யச் சொல்கிறார்கள் என்று ஒருத்தி இரக்கப்பட்டாள்.

மத்தியானத்துக்குப் பிறகு பேட்டரி வந்தது. இந்தத் தடவை கூட்டம் இல்லை. அண்ணி மட்டும் கீரை ஆய்ந்துகொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். காலைப் பொருத்தி ஸ்பீக்கரைப் போட்டோம். உறுமல் இல்லை. ஒரு மெல்லிய இரைச்சல், அவ்வளவுதான். என் கணவர் கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டார். கோயிலில்கூட அவர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. முள்ளைத் தொட்டேன். சரசரவென்று துடிப்புகள் கொட்டின.

அண்ணி கீரையை வைத்துவிட்டுக் கிட்ட வந்தார். "அதுக்கு வலிக்குதா?"

கால் தனியே வந்துவிட்டது, வலியை உணரத் தலை அதோடு இல்லை என்றேன். இது வெறும் செய்தி, முள் வளைந்தது என்று நரம்பு சொல்கிறது, அவ்வளவுதான் என்றேன்.

"தலைதான் இல்லையே. அப்ப யாருகிட்ட சொல்லுது?"

வகுப்பில் என்னிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. என் கணவர் திரைக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டி, "நம்மகிட்டதான்" என்றார். அண்ணிக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. பாவம், ஆள் மாறிச் சொல்கிறது என்று சொல்லிவிட்டுக் கீரைக்குத் திரும்பினார். ஆனால் போகவில்லை, கடைசிவரை அங்கேயே இருந்தார்.

கம்ப்யூட்டரைப் பொருத்தினோம். தொடாதபோது ஒன்று, இரண்டு, சில விநாடி பூச்சியம். பூச்சியத்தைப் பார்த்து ஒரு மனிதர் அவ்வளவு மகிழ்ந்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை. முள்ளை வளைத்ததும் எண் குபீரென்று எண்பதைத் தாண்டியது. வளைத்தபடியே பிடித்திருந்தேன். எண் இறங்கியது. அறுபது, நாற்பது, பிறகு இருபதுக்குக் கிட்ட வந்து அங்கேயே தள்ளாடியது. முள் அப்படியே வளைந்துதான் இருந்தது. நரம்புதான் அதைச் சொல்லி அலுத்துவிட்டது. விட்டுவிட்டுச் சற்று ஓய்வு கொடுத்துத் தொட்டால் மறுபடி எண்பது. இடையில் ஒரு முறை அவர் பிடித்துப் பார்க்கிறேன் என்று தூரிகையை வாங்கினார். சந்தோஷத்தில் கை நடுங்கி எண்கள் தாறுமாறாக ஏறி இறங்கின. தூரிகையைப் பிடுங்கிக்கொண்டு, திரைக்குப் பின்னாலேயே இருங்கள் என்று அனுப்பிவிட்டேன். கால் காய்ந்துபோகும்வரை செய்தோம். இன்னொரு காலிலும் அப்படித்தான். முடிவில் நானே கேட்காமல் அவர் எழுந்துபோய்க் கறிவேப்பிலைக் காம்பு ஒன்று பறித்து வந்தார். பூச்சியம். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் அவர் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் கரப்பான் காலைப் பற்றிச் சொன்னார். ரேடியோ வாங்க வந்த அந்தப் பொலிஸ்காரருக்கும் சொல்லியிருக்கிறார். ரேடியோ இன்னும் ஆகவில்லை என்பதால் கதையை நீட்டியிருப்பார் என்று நினைக்கிறேன்.

சில மாதம் கழித்து எங்கள் பாடசாலையில் உயர்தர மாணவர்களுக்குக் கருத்தரங்கு நடத்தப் பல்கலைக்கழக விரிவுரையாளர் ஒருவர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், உயிரியலில் பெரிய படிப்பு. இதற்குள் என் கணவர் இரைச்சலை வடிகட்ட ஒரு வழி கண்டுபிடித்திருந்தார், ஆய்வுகூடத்திலேயே ஓரளவு கேட்கும். கடையை மூடிவிட்டு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார். நாங்கள் செய்ததைக் காட்டினேன். எண் ஏறியது, இறங்கியது, ஓய்வுக்குப் பிறகு திரும்ப ஏறியது. விரிவுரையாளர் கைகட்டிக்கொண்டு பார்த்தார்.

"இது எப்பவோ தெரிஞ்ச விஷயம்தானே, டீச்சர்," என்றார் மென்மையாக. புத்தகங்களில் இருக்கிறது, அதற்கு ஒரு பெயரும் இருக்கிறது என்றார். பெயரும் எனக்குத் தெரியும், நான் அதைப் படிப்பித்தும் இருக்கிறேன். தலையாட்டினேன். என் கணவரின் பக்கம் திரும்ப எனக்குத் தைரியம் வரவில்லை.

விரிவுரையாளர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, "ஒருக்கா நான் பிடிச்சுப் பாக்கட்டே?" என்றார். தூரிகையைக் கொடுத்தேன். முள்ளைத் தொட்டார். பிறகு தூரிகையை வைத்துவிட்டு, குனிந்து வாயால் மெல்ல ஊதினார். ஸ்பீக்கர் சரசரத்தது. ஒரு பக்கமிருந்து ஊதினார், மறு பக்கமிருந்து ஊதினார். அவருடைய மூக்குக்கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கிவிட்டது. சாப்பாடு ஆறுகிறது என்று பாடசாலை அதிபர் ஆள் அனுப்பினார். வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஊதிக்கொண்டே இருந்தார். இதை வாசித்திருக்கிறேன், கேட்டதில்லை என்று போகும்போது சொன்னார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது என் கணவர் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். பஜார் வளைவில் நான்தான் பேச்சைத் தொடங்கினேன். தெரிந்த விஷயமாக இருந்தால் என்ன, நாம் சரியாகச் செய்திருக்கிறோம் என்பதற்கு அதைவிட வேறென்ன சாட்சி வேண்டும், எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது என்றேன். அது உண்மை. ஐம்பது ஐம்பது என்று வந்தபோது எனக்கு ஏற்படாத சந்தோஷம் அது. உலகத்தில் எங்கோ யாரோ முன்பே பார்த்ததை, எங்கள் லயத்து இஸ்தோப்பில் குந்தியிருந்து நாங்களும் பார்த்திருக்கிறோம்.

அவர் நின்றார். "அவருக்கு எப்பவோ தெரிஞ்சதுன்னா, சோத்தக்கூட விட்டுட்டு எதுக்கு டீச்சர் அவ்ளோ நேரம் ஊதினாரு?"

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். அப்படியே பலசரக்கு முதலாளியின் கடைக்குள் போய், அடுத்த தடவை பல்லி ஏதும் கிடைக்குமா என்று விசாரிக்கத் தொடங்கினார். நான் வாசலிலேயே நின்று, கிடையாது என்று சொல்லும்படி முதலாளிக்குத் தலையை ஆட்டிக் காட்டினேன்.